காஸ் அடிக்கும் முன் மானி பூட்டும் கராஜ்

காரில் ஏ.சி. குளிரவில்லை என்று சொன்ன மாத்திரத்தில் "காஸ் முடிந்திருக்கும், அடித்துவிடுவோம்" என்று சொல்லாத ஒரு வேலைத்தளம் திருகோணமலையில் இருக்கிறது. அனுராதபுரச் சந்தியிலிருந்து அதிக தூரமில்லை. ஓர் ஒழுங்கைக்குள், வேப்பமரத்தை ஒட்டிய தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. கிண்ணியாவைச் சேர்ந்த ஒருவர் நடத்துகிறார். வருகிறவர்கள் எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. உதவிக்கு ஒரு தம்பி நிற்கிறார். வாகன ஏ.சி. தவிர வேறு வேலை அங்கே எடுப்பதில்லை.

நான் கிண்ணியாவில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை. வீடு உப்புவெளியில். பழைய ஆல்டோ கார் ஒன்று வைத்திருக்கிறேன். 2022 இல் தட்டுப்பாட்டால் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டுப் பெற்றோல் அடித்த காலத்தில் பக்கத்துப் பாடசாலை ஆசிரியைகளும் என்னோடு சேர்ந்து வரத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் தொடர்கிறது. ஆகவே காலையிலும் மத்தியானத்திலும் கார் நிறைய ஆள் இருக்கும். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாடசாலை விட்டு இரண்டு மணிக்குக் காருக்குள் ஏறுவது எப்படியிருக்கும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கண்ணாடியை இறக்கினாலும் உள்ளே வருவது அனல்தான்.

என் காரின் கோளாறு படிப்படியாக வந்தது. முதலில், ஓடும்போது நன்றாகக் குளிர்ந்தது, நின்றால் வெக்கை. சீனக்குடாவைத் தாண்டிக் கிண்ணியாப் பாலம் வரும்வரை கை சில்லிடும். பாடசாலை வாசலில் ஒரு சக ஆசிரியைக்காக எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தால் சில நிமிடங்களில் துவாரங்களிலிருந்து வெறும் காற்று வரும். பிறகு ஓடும்போதும் குளிர்ச்சி குறைந்தது. கடைசியில் எந்த நேரமும் இல்லை என்றானது.

இதற்கிடையில் வேறு இடங்களுக்கும் போனேன். ஓரிடத்தில் எதையும் அளக்காமல் சிறிய டப்பாவிலிருந்து காஸ் ஏற்றினார்கள். அது சில வாரங்கள் தாங்கியது. இன்னோரிடத்தில் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு "கொம்பிரசர் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும்" என்றார்கள். காஸை அமுக்கிச் சுற்றவிடும் பாகம் அது. எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கணவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரிடம் விளக்குகிறோம் என்று பதில் வந்தது. கார் என்னுடையது, ஓட்டுவது நான், பணம் என் சம்பளத்தில் போகிறது. அந்தப் பதிலை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்கள் வண்டியைக் கொண்டு போனால் விளக்கம் தர வேண்டியதில்லை என்ற எண்ணம் இங்கே இன்னும் பல கராஜ்களில் இருக்கிறது.

நானாவிடம் போனபோது அவர் பொனட்டைத் தொடவில்லை. முதலில் கேள்விதான். "டீச்சர், தொடக்கத்தில் எப்போது குளிராமல் போனது? நிற்கும்போதா, ஓடும்போதா?" நான் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, பழைய கொப்பி ஒன்றில் குறித்துக்கொண்டார். பிறகு, பார்ப்பதற்கு மட்டும் 2,500 ரூபாய், வேலை தந்தாலும் தராவிட்டாலும் அது உண்டு என்றார். கேட்டதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பார்ப்பதற்குக் காசு வாங்குகிறவருக்கு எதையாவது மாற்றித்தான் பிழைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அதன்பின் அமுக்கமானிகளைப் பூட்டினார். நீலக் குழாய் தாழமுக்கப் பக்கத்துக்கு, சிவப்புக் குழாய் உயரமுக்கப் பக்கத்துக்கு. எஞ்சின் ஓடாத நிலையிலேயே முதல் வாசிப்பை எடுத்தார். இரண்டு முள்ளும் 60 பி.எஸ்.ஐ.க்கு (டயர் காற்றை அளக்கும் அதே அமுக்க அலகு) அருகில் நின்றன. "பாருங்கள் டீச்சர், இன்றைய சூட்டுக்கு இது 110 அளவில் நிற்க வேண்டும்."

அவர் அனுபவத்தில் சொன்னதை நான் பாடத்தில் கற்பிக்கிறேன். ஆர்-134ஏ என்ற இந்தக் காஸ் ஒரு மூடிய தொகுதிக்குள் கொஞ்சமாவது திரவமாக இருக்கும்வரை, அதன் அமுக்கத்தை வெப்பநிலை மட்டுமே தீர்மானிக்கும். 34 பாகையில் அது ஏறத்தாழ 110 பி.எஸ்.ஐ. அதற்குக் கீழே முள் நின்றால் உள்ளே திரவம் ஒரு துளியும் மிச்சமில்லை, எல்லாம் ஆவி என்று அர்த்தம். மறுபக்கமும் உண்மை. 110 காட்டினால் காஸ் போதிய அளவு இருக்கிறது என்று முடிவெடுக்க முடியாது. கொஞ்சம் திரவம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் அமுக்கம் ஒன்றுதான். நிறுத்திய எஞ்சினில் மானியைப் பார்த்துவிட்டு "காஸ் சரியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டார். தாழமுக்கம் 10க்குப் பக்கத்தில் விழுந்தது. உயரமுக்கம் 100ஐச் சுற்றி நின்றது. இரண்டும் தாழ்வாக இருந்தால் காஸ் குறைவு. கொம்பிரசர் தேய்ந்திருந்தால் முள்கள் இப்படி விலகி நிற்காது. தாழமுக்கம் இறங்க மறுக்கும், உயரமுக்கம் ஏற மறுக்கும், இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். "கொம்பிரசருக்கு ஒன்றுமில்லை, அது பாவம் இருக்கிற காஸை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது" என்றார். மற்ற இடத்தில் மாற்றச் சொன்ன அதே கொம்பிரசர் இன்றும் என் காரில் ஓடுகிறது.

கசிவைத் தேடும் வேலையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மிச்சமிருந்த காஸை வெளியே திறந்துவிடாமல் ஓர் இயந்திரத்தின் மூலம் சிலிண்டருக்குள் வாங்கிக்கொண்டார். பல இடங்களில் குழாயைக் கழற்றி 'உஸ்' என்று காற்றில் விட்டுவிடுகிறார்கள். ஓசோன் படையைக் காக்க வந்த 1987 மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு பழைய ஆர்-12 காஸ் போய், அதன் இடத்துக்கு வந்தது இந்தக் காஸ். ஓசோன் படைக்கு இதனால் கேடில்லை. ஆனால் வளிமண்டலத்தைச் சூடாக்குவதில் இதன் ஒரு கிலோ, 1,300 கிலோவுக்கும் மேற்பட்ட காபனீரொட்சைட்டுக்குச் சமம். அதனால்தான் அந்த உடன்படிக்கைக்கு வந்த 2016 கிகாலி திருத்தத்தில் இதையும் குறைத்துக்கொண்டு வர நாடுகள் ஒப்புக்கொண்டன. இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, ஒழுங்கைக்குள் இருக்கும் ஒரு தகரக் கொட்டகையில் யாரும் கேட்காமலே ஒருவர் அதைக் கடைப்பிடிப்பதைப் பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது. அவரிடம் சொன்னேன். "அது விலை கொடுத்து வாங்கிய சாமான் டீச்சர், ஏன் வீணாக்குவான்?" என்றார்.

காஸை வாங்கிய பின் நைதரசன் ஏற்றினார். தம்பி சவர்க்கார நுரையைத் தூரிகையால் ஒவ்வொரு பொருத்திலும் தடவினார். ரேடியேற்றருக்கு முன்னால் நின்று, சூடான காஸை ஆறவைத்துத் திரவமாக்கும் கண்டென்சரின் கீழ் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. காஸோடு ஓடும் எண்ணெய் கசிவு வழியே வெளியே வந்து தூசியைப் பிடித்துவைத்திருக்கிறது. அந்த இடத்தைத் துடைத்து நுரை தடவியதும் கடுகளவில் ஒரு குமிழ் எழும்பி, ஊதி, உடைந்து, மறுபடி எழும்பியது. நானா என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். சுற்றியிருந்த அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடி பூத்திருந்தன; விரல் நுனி பட்டதும் உதிர்ந்தன. உப்புவெளியில் வீடு, போகிற வழியெல்லாம் கடலும் குடாவும், கிண்ணியாப் பாலத்தில் இரு பக்கமும் உப்பு நீர். காரின் முன்முகத்தில் நிற்கிற கண்டென்சர்தான் அத்தனை உப்புக் காற்றையும் வாங்குகிறது.

கசிவை அடைக்கும் மருந்து டப்பாக்கள் கடைகளில் விற்கிறார்களே, அதைப் போடலாமா என்று கேட்டேன். தான் அதை ஒரு வண்டிக்கும் போடுவதில்லை என்றார். அது கசிகிற ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, திரவத்தை விரியவிட்டுக் குளிராக்கும் விரிவு வால்வின் நுண்ணிய துவாரத்தை அடைத்துவிடலாம், காஸ் வாங்கும் இயந்திரத்தையும் கெடுத்துவிடும் என்பது அவருடைய விளக்கம். கசிவை விட்டுவிட்டுக் காஸை மட்டும் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புகிற வேலை. அதையும் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கண்டென்சர் கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்தது. பஞ்சிகாவத்தையில் தெரிந்த கடையொன்றுக்கு எனக்கு முன்னாலேயே அழைத்து விலை கேட்டார்; தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார். இரவு பஸ்ஸில் போட்டுவிடுகிறோம் என்றார்கள். சொன்ன இரவில் வரவில்லை, சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. கார் அவருடைய கொட்டகையிலேயே கிடந்தது, நாங்கள் எல்லோரும் பஸ்ஸில் போனோம். அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவசரம் உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புதிய கண்டென்சரோடு, ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதிதாகப் போட்டார். பழைய கண்டென்சருக்குள் தங்கிப் போன எண்ணெய்க்கு ஈடாகப் புதிய எண்ணெயை அளவுச் சிரிஞ்சில் எடுத்து ஊற்றினார். பிறகு வெற்றிடப் பம்பியை அரை மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டார். காற்றை அகற்றுவதோடு ஈரத்தை அகற்றுவதும் அதன் வேலை. 30 பாகையில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 24 இல் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். அந்த அளவுக்கு வெற்றிடமாக்கினால்தான் குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும். மிஞ்சிவிட்டால் விரிவு வால்வில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கும். அப்படியான காரில் ஏ.சி. கொஞ்ச நேரம் குளிரும், பிறகு நிற்கும், எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் மீண்டும் குளிரும். பம்பியை நிறுத்திய பிறகும் முள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அசையவில்லை.

காஸை நிறுத்து ஏற்றினார். சிலிண்டரைத் தராசில் வைத்து, பொனட்டின் கீழ் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை கிராம் இறங்கியதும் வால்வை மூடினார். சிறிய கார்களில் மொத்தக் கொள்ளளவே அரைக் கிலோவுக்குள்தான். அதில் 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி மாறிவிடும். கண்ணால் பார்த்து அடிக்கிற காஸ் சரியாக அமைவது அதிர்ஷ்டம்.

இவ்வளவும் முடிந்ததும் வேறு எவராக இருந்தாலும் சாவியைத் தந்திருப்பார்கள். துவாரத்தில் நல்ல குளிர் வந்தது. நானா சாவியைத் தரவில்லை. கொப்பியில் முதல் நாள் குறித்ததை எடுத்துப் பார்த்துவிட்டு, "நிற்கும்போது குளிராமல் போனது என்று சொன்னீர்கள். அதை இன்னும் பார்க்கவில்லை" என்று எஞ்சினை அதே இடத்தில் ஓடவிட்டார். உயரமுக்க முள் 220, 250 என்று ஏறி 300ஐக் கடந்து போய்க்கொண்டிருந்தது. தம்பி ஒரு வாளித் தண்ணீரைக் கண்டென்சரின் மேல் மெதுவாக ஊற்றினார். முள் சட்டென்று இறங்கியது. தண்ணீர் வற்றியதும் பழையபடி ஏறியது. வெப்பத்தை எடுத்துச் செல்லப் போதிய காற்று அங்கே ஓடவில்லை என்பதற்கு இதைவிட எளிய பரிசோதனை எனக்குத் தெரியாது. ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நின்றுவிட்டால் விசிறிதான் கதி.

விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எட்டிப் பார்க்கிறவர்கள் சரி என்று சொல்லிவிடுவார்கள். நானா மல்ரிமீற்றரை எடுத்தார். பற்றரியில் 13.8 வோல்ற்று. விசிறி மோட்டரின் இரண்டு முனைகளுக்கிடையில் பத்துக்கும் குறைவு. பிறகு மோட்டரின் மறை முனைக்கும் பற்றரியின் மறை முனைக்கும் இடையில் வைத்தார். அங்கே ஏறத்தாழ பூச்சியம் இருக்க வேண்டும். 4 வோல்ற்றுக் காட்டியது. மறை முனையைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் வயரைப் பின்தொடர்ந்து போனார். ஹெட்லைட்டுக்குக் கீழே, உடலோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்த முனை துருவேறிக் கிடந்தது. வயரின் மேலுறையைச் சீவியபோது உள்ளே செம்பு பச்சையும் கறுப்புமாக மாறியிருந்தது. 8 அம்பியர் ஓடும் பாதையில் அரை ஓம் தடை வந்துவிட்டால் 4 வோல்ற்று அங்கேயே போய்விடும். ஓமின் விதியைப் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எத்தனையோ உதாரணங்களில் சொல்லியிருக்கிறேன். இனி இதைத்தான் சொல்வேன்.

செம்பு பளபளக்கும் இடம்வரை வயரை வெட்டி, புதிய முனை போட்டு ஈயம் பற்றவைத்து, போல்ட் இருக்கும் இடத்தை வெறும் உலோகம் தெரியச் சுரண்டி, இறுக்கிய பின் மேலே கிறீஸ் பூசினார். விசிறியின் சத்தமே மாறியது. நின்ற இடத்தில் உயரமுக்கம் 220க்குப் பக்கத்தில் வந்து நிலைத்தது. "இதுதான் முதல் நோய் டீச்சர். விசிறி மெதுவாகச் சுற்றியதால் அமுக்கம் ஏறியது. உப்புத் தின்ற கண்டென்சர் அதைத் தாங்கவில்லை. காஸ் போனது அதற்குப் பிறகு." கண்டென்சரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் புதியதும் அந்த மிகையான அமுக்கத்திலேயே ஓடியிருக்கும். அந்த எர்த் வயர் வேலைக்கு அவர் எடுத்த பணம் முழு பில்லிலேயே மிகச் சிறிய தொகை.

மொத்தச் செலவு, கொம்பிரசருக்கு மற்ற இடத்தில் சொன்ன விலையில் பாதிக்கும் குறைவு. பழைய கண்டென்சரை என்னிடமே தந்துவிட்டார். அதைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் வைத்திருக்கிறேன்.

பாடசாலையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்து நடுத் துவாரத்தில் வைத்து அளந்தேன். வெளியே 35 பாகை இருந்த மத்தியானத்தில், ஓடும்போது 8 பாகை. நின்று கொண்டிருக்கும்போது 12. முன்பு நிற்கும்போது வந்த காற்றை அளக்கவே தேவையிருக்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். நான் காத்திருந்தபோது ஒருவர் அக்வா கார் ஒன்றைக் கொண்டுவந்து காஸ் அடிக்கச் சொன்னார். நானா மறுத்துவிட்டார். பெற்றோலிலும் மின்னிலும் ஓடும் அந்த ஹைபிரிட் கார்களில் கொம்பிரசரைப் பெல்ட் சுழற்றுவதில்லை. உயர் வோல்ற்றளவில் ஓடும் மின் மோட்டர் கொம்பிரசருக்கு உள்ளேயே இருக்கிறது. சாதாரண கார்களுக்கு ஊற்றும் பி.ஏ.ஜி. எண்ணெய் அதற்குள் சேர்ந்தால் மின்காப்புக் குறைந்து கொம்பிரசரே பழுதாகலாம். எனவே அதற்கு வேறு எண்ணெய், வேறு குழாய்கள், வேறு பயிற்சி வேண்டும். தன் குழாய்களில் பழைய எண்ணெய் இருக்கும், உங்கள் வண்டிக்கு அது கூடாது என்று சொல்லி, ஹைபிரிட் வேலை தெரிந்த ஓரிடத்தின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தார். தனக்குத் தெரியாததைச் செய்ய மாட்டேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற தொழிலாளியை நான் முழுமையாக நம்புவேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். காத்திருப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை மட்டும். கழிவறை வசதி இல்லை. பெண்கள் அதிக நேரம் அங்கே இருப்பது சிரமம். காரை விட்டுவிட்டு வருவதே நல்லது. தொலைபேசி எடுக்க மாட்டார், கை எண்ணெயாக இருக்கும். பில் கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் கொப்பித் தாளில். நான் கேட்டபோது, முதலும் கடைசியும் எடுத்த மானி வாசிப்புகளையும் சேர்த்து எழுதித் தந்தார். அதை அவர் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உத்தரவாதம் வாய்ச்சொல்தான். வங்கி அட்டை ஏற்பதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மூடியிருக்கும்.

போவதற்கு முன் உங்கள் காரில் நீங்களே சிலவற்றைப் பார்த்துவிட்டுப் போகலாம், அவருடைய கேள்விகளுக்குப் பதில் சொல்ல அது உதவும். ஏ.சி.யைப் போட்டதும் கொம்பிரசரின் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கிற சத்தம் கேட்கிறதா? முன் விசிறி உடனே வேகமெடுக்கிறதா? குளிர் எப்போது போகிறது, நிற்கும்போதா, மேட்டில் ஏறும்போதா, நீண்ட தூரம் ஓடிய பிறகா? குழாய்ப் பொருத்துகளில் எங்காவது எண்ணெய்த் தூசி படிந்திருக்கிறதா? காலடியில் தண்ணீர் சொட்டினால் அது காஸ் சம்பந்தப்பட்டதல்ல, உள்ளேயிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கிறது. நிலாவெளி, உப்புவெளி, திருக்கடலூர் போன்ற கடலோரப் பகுதிகளில் வசிப்பவர்கள் கண்டென்சரை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள். சேர்விஸ் நிலையத்தின் வேகப் பம்பியைக் கிட்ட வைத்து அடிக்கவிட வேண்டாம், தகடுகள் மடிந்துவிடும்; தோட்டத்துக் குழாய் போதும்.

என் காரின் கொம்பிரசர் பெல்ட்டில் வெடிப்புகள் தெரிகின்றன, அவசரமில்லை, ஆனால் மாரிக்கு முன் மாற்றிவிடுங்கள் என்று நானா சொல்லியிருக்கிறார். ஆவணி விடுமுறையில் அவரிடமே கொண்டுபோவேன்.